பதிலுக்கு முன்னால் வந்த டிக்

ஓர் இணையப் பக்கம் திறக்க மூன்று நொடிக்கு மேல் ஆனால், அதைச் செய்தவனைப் பிடித்து வந்து, அதே பக்கத்தின் முன்னால் உட்கார வைத்து, நாள் முழுக்க அதையே திறந்து திறந்து மூடச் சொல்ல வேண்டும். இது ஸ்டாப்வாட்ச்சின் கொள்கை. அந்தப் பெயரை அவனுக்கு அலுவலகம் கேலியாகத்தான் வைத்தது. அவன் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டான்.

அவனுடைய வேலை, திரையில் நம் கண்ணுக்குத் தெரிகிற பகுதியைச் செய்வது. பட்டன், படம், எழுத்து, தொட்டால் விரியும் பெட்டி எல்லாம் அவன் கைவேலை. பின்னால் இருந்துகொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்லும் சர்வர் வேறொருவர் பாடு. தன் பாட்டை அவன் சுத்தமாகச் செய்தான். அதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் ஒரு தொல்லையும் இல்லை. ஊரில் இருக்கிற எல்லா வெப்சைட்டையும் திறந்து திறந்து வயிறெரிவான். நாலு வரிச் செய்தியைக் காட்ட நானூறு கோப்புகளை இறக்குகிறான் பார் என்பான். படிக்க ஆரம்பித்ததும் விளம்பரம் வந்து வரியைக் கீழே தள்ளினால் பல்லை நறநறவென்று கடிப்பான். ஒரு பட்டன் வரைவதற்கு அடுத்தவன் எழுதிவைத்த நிரல் மூட்டைகளை, ஒரு லாரி லைப்ரரியை, ஏற்றிக்கொண்டு வருகிற புதுசுகளைப் பார்த்தால், "மூட்டை தூக்கப் போங்கடா, அதுக்காவது உடம்பு தேறும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான். ஒருத்தி அழுதுகொண்டே வேறு குழுவுக்கு மாற்றல் வாங்கிப் போனாள்.

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டமே. தப்பாகப் பேசுகிறவனைத் திட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். சரியாகப் பேசியே உயிரை வாங்குகிறவனை என்ன செய்வது? பகல் சாப்பாட்டு நேரத்தில் அவன் மேஜைக்கு எதிரே யாரும் உட்கார மாட்டார்கள்.

அக்காவுக்கும் அவனுக்கும் ஆறு மாதமாகப் பேச்சு இல்லை. அதற்கும் காரணம் ஒரு வெப்சைட்தான். மச்சான், அதாவது அக்காவின் கணவர், ஜன்னல் திரை விற்கிற கடை வைத்திருக்கிறார். தெரிந்தவர் ஒருவரைப் பிடித்துக் கடைக்கு ஒரு வெப்சைட் செய்து வாங்கி, மகளின் பிறந்தநாளுக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் டிவியில் போட்டுக் காட்டினார். பக்கம் வருவதற்கு முன்னால் பாட்டு வந்தது. பாட்டுக்குப் பிறகு ஒரு வட்டம் சுற்றியது. வட்டம் ஓய்ந்ததும் ஒரு திரை இடமும் வலமும் விலக ஆரம்பித்து, பாதியில் நின்றுவிட்டது. ஸ்டாப்வாட்ச் சும்மா இருப்பானா? கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றான்.

"மச்சான், இந்தத் திரை விலகறதுக்குள்ள உங்க கஸ்டமர் பக்கத்துக் கடையில துணி வாங்கி, தச்சு, ஜன்னல்ல மாட்டியே முடிச்சிடுவான்."

கூடம் முழுக்கச் சிரித்தது. மச்சான் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அதோடாவது விட்டானா? எந்தப் படம் எவ்வளவு கனம், எது எதற்காகக் காத்துக் கிடக்கிறது என்று டிவியைத் தொட்டுத் தொட்டு வகுப்பு எடுத்தான். கேக் வெட்டக் காத்திருந்த பிறந்தநாள்காரி சின்னவள், எல்லார் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கொஞ்ச நாள் முன்புதான் இரண்டு காதுக்கும் கருவி வைத்திருந்தார்கள்.

அக்கா அவனைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள். "வீட்டுக்கு வந்தா வாழ்த்தினமா, சாப்பிட்டமா, போனமான்னு இருக்கத் தெரியாதா உனக்கு?"

"நான் உண்மையைத்தானே சொன்னேன்?"

"உன் உண்மையை நீயே வெச்சுக்கோ. எங்க வீட்டு வாசப்படி மிதிக்காதே."

மிதிக்கவில்லை. ரோஷத்தில் இருவரும் ஒரே அச்சு. அவனோடு இருந்த அம்மாதான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் சேதி சுமந்துகொண்டிருந்தாள்.

அம்மா ஒருநாள் கொண்டுவந்த சேதியில்தான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது. காது கேளாத குழந்தைகளுக்குப் பேசப் பழக்குகிற பள்ளி ஒன்று இருந்தது. ஒரு டீச்சருக்கு ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு மேல் கிடையாது என்பதால் வருஷத்துக்கு ஒரே ஒரு வகுப்புதான் எடுத்தார்கள். சிபாரிசுக் கடிதத்தோடு வருகிறவர்களின் தொல்லை தாங்காமல், இந்த வருஷம் முதல் எல்லாம் இணையத்தில் என்று முடிவு செய்துவிட்டார்கள். குறிப்பிட்ட நாளில் காலையில் திறக்கும். பெயரோடு குழந்தையின் காதுப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். முதலில் வந்தவர்களுக்கு இடம். அக்கா மகளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும், பிறகு அந்தப் பள்ளி சேர்க்காது. இப்போது பழக்காவிட்டால் அப்புறம் பேச்சு வருவது ரொம்பக் கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்தப் பள்ளியின் பக்கத்தைச் செய்கிற வேலை ஸ்டாப்வாட்ச்சின் கம்பெனிக்குத்தான் வந்திருந்தது.

"உன் ஆபீஸ்தான் செய்யுதாம். ஒரு வார்த்தை சொல்லி வைக்கக் கூடாதாடா?" என்றாள் அம்மா.

"பேஜ்தான்மா நான் செய்யறேன். சீட்டு நான் குடுக்கல."

"அவ போனு அரதப் பழசு. நல்ல போன் வெச்சிருக்கவங்க முந்திக்க மாட்டாங்களா?"

 அந்தக் கேள்வி அவனுக்குள் போய் நன்றாகக் குத்திக்கொண்டது. விலை உயர்ந்த போன் வைத்திருக்கிறவன் பிள்ளைக்கு முதல் இடம், பழைய போன்காரி பிள்ளைக்குப் பட்டை நாமமா? சிபாரிசு கூடாது என்று பள்ளி வைத்த ஏற்பாட்டில் போனே சிபாரிசாகிவிடுமே என்று அவன் கொதித்தான். அக்காவுக்காக மட்டும் எதையும் செய்யமாட்டான், அவ்வளவு நேர்மை உண்டு. எல்லாப் பழைய போனும் புதுப் போனோடு சமமாக ஓடட்டும். அதுவே அக்காவுக்கும் போதும். அதை அவளிடம் போய்ச் சொல்லப் போவதும் இல்லை.

டிராயரிலிருந்து அலுவலகத்தின் பழைய சோதனை போன் ஒன்றை எடுத்தான். ஓரம் விரிசல் விட்ட, தடவினால் ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் அசைகிற சவம். அதை மேஜையில் வைத்துக்கொண்டு பக்கத்தை உரிக்க ஆரம்பித்தான்.

முதல் சண்டை டிசைனரோடு. பக்கத்தின் தலையில் குழந்தைகள் சிரிக்கிற வீடியோ ஒன்றை அந்த அம்மாள் வைத்திருந்தாள். "தூக்கு" என்றான்.

"அது மனசைத் தொடும்."

"மனசைத் தொடறதுக்குள்ள போன் செத்துடும். சீட்டு வாங்க வர்ற அம்மாவுக்கு அடுத்தவ பிள்ளை சிரிக்கிறதைப் பார்க்கவா நேரம்?"

மேனேஜர் வரை போய், வீடியோ போயிற்று. தனியாக இறக்க வேண்டிய அலங்கார எழுத்துரு போயிற்று. எவனோ சேர்த்த மூட்டைகள் போயின. பக்கம் கண் இமைப்பதற்குள் திறந்தது. சவப் போனிலேயே திறந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவன் மானம் போயிற்று. கடைசிப் பட்டனை அழுத்தினால் வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ரிப்போர்ட் படம் முழுதாகப் போய்ச் சேர்ந்து, அதைச் சர்வர் சரிபார்த்து, இடம் இருக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் பதில் வரும்.

சர்வர் பக்கம் பார்க்கிறவர் வயதில் மூத்தவர். எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டுதான் வாயைத் திறப்பார். ஸ்டாப்வாட்ச் அவருக்கு வைத்த பெயர் ஆமை. அவர் காதுபடவே அப்படித்தான் சொல்வான்.

"சார், உங்க பதில் வர்றதுக்குள்ள பிள்ளை காலேஜுக்கே போயிடும்."

ஆமை கண்ணாடியைத் துடைத்தார். "ரிப்போர்ட் வராம சீட்டுன்னு சொல்ல முடியாது. அதான் பள்ளிக்கூடத்து ரூல்."

"கொஞ்சம் சீக்கிரமா சொல்லலாம்ல?"

"படத்தை அனுப்பறது அவங்க போனு. நான் என்ன வாசல்ல போய் நின்னு இழுத்துட்டா வர முடியும்? உனக்கு வட்டம் பிடிக்கலன்னா கண்ணை மூடிக்கோ."

இது ஸ்டாப்வாட்ச்சுக்குத் தலைக்கேறியது. அவன் செய்த காரியத்துக்கு அக்கறை பாதி என்றால் வீம்பு பாதி. வீம்புதான் கூடுதல் என்று நான் சொல்வேன். அன்று பிற்பகலே உட்கார்ந்து வட்டத்தைத் தூக்கினான். பட்டனைத் தொட்ட கணத்தில் பெரிதாக ஒரு பச்சை டிக் வந்தது. கீழே "பதிவாகிவிட்டது" என்று ஒரு வரி. பெயரும் ரிப்போர்ட்டும் அதற்குப் பிறகு, பின்னால், சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். ஒருவேளை இடம் இல்லை என்று பதில் வந்தால் டிக் மறைந்து மன்னிப்பு வரும். எப்படியும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போய்ச் சேரத்தானே போகிறது? பெரிய பெரிய தளங்களில் எல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள். ஒரு படத்துக்கு லைக் போட்டால் இதயம் உடனே சிவக்கிறதே, சர்வரைக் கேட்டுக்கொண்டா சிவக்கிறது?

ஆமை அதைப் பார்த்துவிட்டு எழுந்தே வந்துவிட்டார். "என்கிட்ட வந்து சேரவே இல்ல. அதுக்குள்ள பதிவாகிவிட்டதுன்னு யாரைக் கேட்டுப் போட்டே?"

"உங்களைக் கேட்டா அடுத்த வருஷம்தான் போட முடியும்."

"இது பொய்."

"பொய் இல்ல சார், வேகம். உங்களுக்கு அது பழக்கமில்ல."

மேனேஜர் தன் புதுப் போனில் பட்டனைத் தட்டிப் பார்த்தார். டிக் பளிச்சென்று வந்தது. இன்னொரு தரம் தட்டினார், குழந்தை மாதிரி சிரித்தார். ஆமையின் பேச்சு எடுபடவில்லை. அவர் இடத்துக்குத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு மின்னஞ்சலில் சண்டை போட்டார்கள்.

பதிவு திறந்த காலையில் எல்லாரும் மீட்டிங் அறையில் பெரிய திரைக்கு முன்னால் கூடியிருந்தார்கள். ஆமை மட்டும் மூலையில் தன் மடிக்கணினியோடு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மணி அடித்தது போலப் பெயர்கள் வந்து விழ ஆரம்பித்தன. பக்கம் துளிகூடத் திணறவில்லை. மேனேஜர் ஸ்டாப்வாட்ச்சின் முதுகில் தட்டினார். அப்போது அவன் போன் அடித்தது. அக்கா.

ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயரைத் திரையில் பார்த்தவன் அங்கே நிற்கவில்லை. தாழ்வாரத்துக்கு வந்து எடுத்தான்.

"டேய்."

"சொல்லுக்கா."

"வந்துருச்சுடா! பட்டனைத் தொட்டேன், விரலை எடுக்கல, அதுக்குள்ள பச்சையா டிக் வந்துருச்சு. போட்டோகூட எடுத்து வெச்சுட்டேன்." அவள் குரல் உடைந்தது. "இந்த ஓட்டை போன்ல எங்க நடக்கப் போகுதுன்னு நைட்டெல்லாம் தூங்கல. அவரும் சரக்கு எடுக்க வெளியூர் போயிட்டாரு. நல்லா இருப்படா நீ."

 வாழ்க்கையில் யாரும் அவன் செய்த பக்கத்துக்காக அழுததில்லை. அழவைத்துத்தான் பழக்கம். நன்றி வந்தால் என்ன செய்வதென்று தெரியாதவன், தெரிந்ததைச் செய்தான். விளக்க ஆரம்பித்தான். வீடியோவைத் தூக்கிய கதை, டிசைனர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்ட கதை, ஆமையை மண்ணைக் கவ்வவைத்த கதை. எழுத்து எப்போது வர வேண்டும், படம் எப்போது வர வேண்டும், பழைய போன் ஏன் மூச்சு வாங்குகிறது என்று தாழ்வாரத்தில் மேலும் கீழும் நடந்தபடி பேசினான். அவள் "ம்" கொட்டினாள். "அப்படியா" என்றாள். ஒருமுறை, "உனக்கு வேலை இருக்கும்ல?" என்றாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா, கேளு" என்று மேலே பேசினான்.

அறைக்குள்ளிருந்து ஆமை சொன்னது கேட்டது. "இடம் முடிஞ்சுது."

"கேட்டியா?" என்றான் ஸ்டாப்வாட்ச் போனில், வாயெல்லாம் பல்லாக. "அதுக்குள்ள முடிஞ்சே போச்சு. நீ முந்திக்கிட்டே!"

அன்று அம்மாவோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போவதென்றும், மச்சானிடம் மன்னிப்புக் கேட்காவிட்டாலும் அவர் கடை வெப்சைட்டைச் சரிசெய்து தருகிறேன் என்று சொல்வதென்றும் பேசிக்கொண்டார்கள். "வேற எதுவும் சொல்லித் தொலைக்காதே" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்கு முன்னால் பள்ளி வாசலில் பெயர்களை ஒட்டினார்கள். சின்னவள் பெயர் இல்லை.

அக்கா போனில் எடுத்து வைத்த படத்தைக் காட்டினாள். தலைமை டீச்சர் அதைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அவள் வருவதற்கு முன்பே அதே மாதிரிப் பச்சை டிக்கோடு நாலைந்து பேர் வந்து அழுதுவிட்டுப் போயிருந்தார்கள். "உங்க பேரு வந்திருக்கும்மா. ஆனா இடம் முடிஞ்ச பிறகுதான் வந்திருக்கு. டிக் காட்டின எல்லாரையும் சேர்த்தா ஒரு டீச்சர் எத்தனை பிள்ளைங்களைப் பார்ப்பாங்க? என்ன நடந்ததுன்னு அந்த கம்பெனியையே கேளுங்க" என்றார். வேறு பள்ளி, வேறு வழி என்று கனிவாக ஏதேதோ சொன்னார். அக்கா எதையும் காதில் வாங்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் முற்பகல் அக்காவும் மச்சானும் அலுவலகத்துக்கே வந்தார்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் சின்னவளும் வந்திருந்தாள். மேனேஜர் அவர்களை மீட்டிங் அறையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஆமையையும் ஸ்டாப்வாட்ச்சையும் கூப்பிட்டார். இவள் யாருடைய அக்கா என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் முகம் தெளிந்தது. வீட்டு விஷயமாக முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார்.

"மேடம், எங்க சைட்ல எல்லாம் பக்காவா இருக்கு. சில பழைய போன்லதான் ஏதோ..."

"பழைய போன்லயும் பறக்கும்னு இவன்தானே மார் தட்டினான்?" என்றார் மச்சான். "என் கடை வெப்சைட்டு மெதுவா வரும், ஒத்துக்கறேன். திரை இருக்குன்னு காட்டினா கடையில திரை இருக்கும்."

ஸ்டாப்வாட்ச்சுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மச்சான் பக்கம் திரும்பாமல் அக்காவிடம் கேட்டான். "டிக் வந்ததும் நீ என்ன பண்ணே?"

"என்ன பண்ணேன்னா? உனக்குத்தானே போன் பண்ணேன். பேசி முடிச்சு போனை வெச்சவ, அந்தப் பக்கத்தை அப்புறம் திறந்தே பார்க்கல."

அவனுக்குப் புரிந்துவிட்டது.  அந்த மாதிரிப் பழைய போன்களில் பேச ஆரம்பித்தால் சிம்மில் வருகிற நெட் நின்றுவிடும். பேசி முடித்தால்தான் மறுபடி வரும். இது அவனுக்குத் தெரியாத சங்கதி இல்லை. எவனிடம் கேட்டாலும் சொல்லுவான். ஆனால் டிராயரில் இருந்த சோதனை போனில் சிம் கார்டே கிடையாது. அலுவலக வைஃபையில் அதை ஆயிரம் முறை தட்டிப் பார்த்தானே தவிர, அதற்கு யாரும் போன் செய்ததில்லை, அதிலிருந்தும் யாரையும் கூப்பிட்டதில்லை. டிக் வந்ததும் ஒரு அம்மா சந்தோஷத்தில் யாரையாவது கூப்பிடுவாள் என்று அந்த போனுக்கு எப்படித் தெரியும்? அவனுக்கும் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்லியிருக்கலாம் என்று நமக்கெல்லாம் சுலபமாகத் தோன்றும். அவன் சொன்னது இது:

"உடனே ஏன்க்கா போன் பண்ணே? ஒரு நிமிஷம் பொறுத்திருக்கலாம்ல?"

"அதேதான் மேடம்!" என்று மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "கால் போட்டதும் நெட் கட் ஆயிருக்கும். ரிப்போர்ட் போயிருக்காது. இதுல எங்க தப்பு எதுவும்..."

ஆமை கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை. "பொறுக்கணும்னு அந்த பேஜ்ல எங்கய்யா எழுதியிருக்கு? பதிவாகிவிட்டதுன்னுதானே எழுதியிருக்கு?"

 அக்கா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் போன் பண்ணதாலதான் போச்சா?" என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை.

"அதை இப்பவே பார்த்துடலாம்மா" என்றார் ஆமை. அவருக்கும் மனசில் ஈரம் பெருகிவிடவில்லை. இந்தப் பயலின் மூக்கை உடைக்கக் கிடைத்த நேரம், விட மனசில்லை. மடிக்கணினியைத் திறந்து, அந்தப் பதிவுப் பக்கத்தின் சோதனை நகல் ஒன்றை அவள் போனில் திறக்கச் செய்தார். "ஆபீஸ் வைஃபைல போடாதீங்க. உங்க நெட்லயே இருக்கட்டும். அன்னைக்கு செஞ்ச மாதிரியே செய்யுங்க."

அக்கா பட்டனைத் தொட்டாள். டிக் வந்தது. பச்சையாக, உடனே, விரலை எடுப்பதற்குள். எவ்வளவு அழகாக வருகிறது என்று அந்த நிலையிலும் அவனுக்கு ஒரு கணம் தோன்றிவிட்டது. தோன்றியதற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"இப்ப போன் பண்ணுங்க."

மேஜை மேல் அவன் போன் அடித்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். "எடு" என்றார் ஆமை. எடுத்துக் காதில் வைத்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் அவன். இருவர் காதிலும் போன். சின்னவள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, தன் கையையும் காதுக் கருவி மேல் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் வரல" என்றார் ஆமை, திரையைப் பார்த்தபடி.

"எவ்வளவு நேரம் சார் இப்படியே..." என்றார் மேனேஜர்.

"அன்னைக்கு எவ்வளவு நேரம் பேசினாங்களோ அவ்வளவு நேரம்."

ஸ்டாப்வாட்ச்சுக்கு இன்னொரு கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அன்று தாழ்வாரத்தில் தான் பேசியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. எழுத்து எப்போது வர வேண்டும், படம் எப்போது வர வேண்டும். பழைய போன் ஏன் மூச்சு வாங்குகிறது. அந்தப் பழைய போன் அப்போது அவன் பேச்சு முடியட்டும் என்று ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு காத்துக் கிடந்திருக்கிறது. டிசைனர் கதையை விட்டிருந்தால் போதும். ஆமை கதையை விட்டிருந்தால் இன்னும் நல்லது.

"இன்னும் வரல."

அக்கா பேசினாள். அவள் குரல் முதலில் அறையில் கேட்டது, பிறகு கொஞ்சம் பிந்தி, அவன் காதுக்குள் இன்னொரு முறை கேட்டது. ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை வந்தது.

"நீ அன்னைக்கு சொன்னது எனக்கு ஒண்ணுமே புரியலடா. வெச்சிடலாம்னுதான் பார்த்தேன். பாப்பாவுக்குக் கஞ்சி அடுப்புல இருந்துச்சு. ஆறு மாசம் கழிச்சுப் பேசறே, அதுவும் சந்தோஷமா பேசறே, நடுவுல வெச்சா உனக்கு முகம் சுருங்கிடுமேன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். கஞ்சி கூட அடிப்பிடிச்சுப் போச்சு."

  மேனேஜர் தண்ணீர் டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். மச்சான் மகளைத் தூக்கி மடியில் உட்கார வைத்துக்கொண்டார்.

"பேசு" என்றாள் அக்கா. "அன்னைக்கு அவ்வளவு பேசினியே."

அவன் போனைக் காதோடு இன்னும் இறுக்கிக்கொண்டான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, சிவப்புப் பட்டனைத் தொட்டு, மேஜை மேல் வைத்தாள்.

"இப்ப வந்துடுச்சு" என்றார் ஆமை.